குறித்த நாள் கடந்த கர்ப்பமும் மருந்தினால் வலி வரவழைத்தலும்

முதற் பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி கடந்துவிட்டது, வலி காணவில்லை. இன்னும் சில தினங்களில் வலி காணாவிடில் மருந்து வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் பலவித அபிப்பிராயங்கள் எழுகின்றன. பத்து மாதம் பூர்த்தியாகவில்லையே, அவசரம் என்ன என்கிறாள் பாட்டி. மருந்து வைத்தால் முடிவில் ஆபரேஷன்தான் என்கிறார் அயல்வீட்டுக்காரர். நல்ல நட்சத்திரம் பார்த்து முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்கிறார் மற்றொருவர். சுமப்பவளின் எண்ணம் என்ன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நாஞ்சில் நாட்டுக் கிராமங்களில் இத்தகைய தருணம் ஏற்படாத தெரு அபூர்வம்.

இவ்விஷயத்தில் சரியான முடிவுக்கு வருவதற்கு மூன்று சங்கதிகள் தெளிவாக வேண்டும். முதலாவது, நாட்கணக்கு சரியானதா என்பது. இரண்டாவது, வலி வரவழைப்பதற்குத் தக்க காரணம் உண்டா என்பது. மூன்றாவது, அதைச் செய்யும் இடம் தகுந்ததா என்பது. இம்மூன்றும் தெளிந்தபின் எஞ்சிய பயங்கள் பெரும்பாலும் தாமே நீங்கிவிடும்.

நாட்கணக்கு

பத்து மாதம் சுமப்பது என்னும் வழக்கு தவறன்று. அதைக் கணக்கிடும் முறையிலேதான் தவறு நேருகிறது. கர்ப்பகாலம், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள். இது 40 வாரம். அதாவது 28 நாள் கொண்ட பத்து மாதம். பஞ்சாங்கத்திலும் காலண்டரிலும் காணும் மாதங்களோ முப்பது நாளுக்கு மேற்பட்டவை. அம்மாதங்களைப் பத்தாக எண்ணினால் ஏறக்குறைய 304 நாட்கள் ஆகிவிடும். இவ்விரு கணக்குகளுக்கும் உள்ள வித்தியாசம் 24 நாட்கள். கர்ப்பத்தின் முடிவில் இந்த 24 நாட்கள் சிசுவின் உயிரைப் பற்றியவை.

உதாரணமாக, கடைசி மாதவிலக்கு 2025 ஜனவரி 10-ஆம் தேதி தொடங்கியதாகக் கொள்வோம். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் அக்டோபர் 17-ஆம் தேதி வரும். அதுவே 40 வாரம் பூர்த்தியாகும் நாள். அக்டோபர் 24-ஆம் தேதி 41 வாரமும், 31-ஆம் தேதி 42 வாரமும் பூர்த்தியாகின்றன. காலண்டர் மாதமாகப் பத்து எண்ணிக் காத்திருப்பவர்கள் நவம்பர் 10-ஆம் தேதி வரை, அதாவது 43 வாரத்தையும் தாண்டிக் காத்திருப்பார்கள். வைத்திய சாஸ்திரம் 42 வாரத்தையே கடைசி எல்லையாகக் கொள்கிறது.

குறித்த தேதியிலேயே பிரசவிப்பவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தாம். ஆகவே தேதி கடந்த மறுநாளே கலங்க வேண்டுவதில்லை. மேலும், மாதவிலக்கு ஒழுங்கின்றி வருபவர்களுக்கும், முந்திய குழந்தைக்குப் பால் கொடுத்துவரும்போதே மறுபடியும் கருத்தரித்தவர்களுக்கும் மேற்கண்ட கணக்கு பொருந்தாமற் போகலாம். அவர்களுக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேன் பரீட்சையே நம்பத்தக்கது. கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன், குழந்தையின் பருமனைக் கொண்டு நாளை ஊகிப்பதாகையால், அதில் இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகலாம். முதல் ஸ்கேனின்படி ஊர்ஜிதமான தேதியைப் பின்னர் எடுத்த ஸ்கேனைக் கொண்டு மாற்றலாகாது.

இங்கே நமது நாட்டு வழக்கம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதச் சடங்கு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்து வருகிறார்கள். வளையலும் பட்சணமும் உடன் வருகின்றன. முதல் ஸ்கேன் சீட்டு புகுந்த வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. புதிய ஆஸ்பத்திரியின் டாக்டர் எதைக் கொண்டு நாளை நிர்ணயிப்பார்? தாய் சேய் நல அட்டையும், ஸ்கேன், இரத்தப் பரீட்சைச் சீட்டுகள் யாவும் பெண்ணுடனேயே வரவேண்டும். இதற்குச் செலவொன்றுமில்லை, ஆயினும் இதைப்போல் உபயோகமான காரியம் வேறில்லை.

காரணம்

தாயின் இரத்தத்திலிருந்து சிசுவிற்கு ஆகாரத்தையும் பிராணவாயுவையும் அளிப்பது நஞ்சு. நாள் கடந்த சில கர்ப்பங்களில் நஞ்சின் சக்தி குறைகிறது. பனிக்குட நீர் வற்றுகிறது. சிசு வயிற்றினுள்ளேயே மலங்கழித்து அதைச் சுவாசத்தில் இழுத்துக்கொள்ளவும் கூடும். இவ்வாறாகச் சிசு உள்ளேயே இறந்துபோவது அபூர்வமாயினும், 41 வாரத்திற்குப்பின் அந்த அபாயம் வாரந்தோறும் ஏறுகிறது.

இதைப் பற்றிப் பல தேசங்களில் நடந்த 34 பரீட்சைகளை ஒருங்கே ஆராய்ந்து 2020-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அப்பரீட்சைகளில் 21,000-க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்திருந்தனர். சிசு மரணத்தைக் கணக்கிட்ட பரீட்சைகளில் பிறந்த குழந்தைகள் 18,795. காத்திருந்தவர்களின் பக்கத்தில் 25 சிசுக்களும், வலி வரவழைக்கப்பட்டவர்களின் பக்கத்தில் 4 சிசுக்களும் இறந்தன. ஒரு சிசுவைக் காக்க ஏறக்குறைய 544 பெண்களுக்கு வலி வரவழைக்க வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். இவ்வெண்களை இரு விதமாகவும் படிக்க வேண்டும். காத்திருந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகள் சுகமாகவே பிறந்தன; ஆகையால் பீதி வேண்டாம். தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இருந்தன. ஆகையால் அசட்டையும் வேண்டாம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை இதற்கிணங்கவே அமைந்திருக்கிறது. நாட்கணக்கு நிச்சயமாகத் தெரிந்து, 41 வாரம் பூர்த்தியான பெண்ணுக்கு வலி வரவழைக்கலாம்; சிக்கலற்ற கர்ப்பத்தில் அதற்குமுன் செய்ய வேண்டுவதில்லை என்பது அதன் சாரம். 41 வாரம் கடந்தும் காத்திருக்க விரும்பும் பெண், வாரத்திற்கு இருமுறையேனும் சிசுவின் இருதயத் துடிப்பையும் பனிக்குட நீரின் அளவையும் பரீட்சித்துக்கொள்ள வேண்டும். பரீட்சையின்றி வீட்டிலிருந்து காத்திருத்தல், காத்திருத்தல் ஆகாது, கைவிடுதலேயாகும்.

நாள் வருமுன்னரே வலி வரவழைக்கத் தக்க காரணங்களும் உண்டு. இரத்த அழுத்தம் ஏறிக் கால், முகம் வீங்கி, சிறுநீரில் புரதம் காணுதல். வலியின்றிப் பனிக்குடம் உடைந்து நீர் ஒழுகுதல். சிசுவின் வளர்ச்சி குன்றுதல். இன்ஸுலின் ஊசி தேவைப்படும் நீரிழிவு ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இரத்த அழுத்தம் மிகுந்து ஜன்னி கண்டால் தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து. அந்நிலையில் நாள் எண்ணிக்கொண்டிருப்பது தகாது. ஆனால், பத்தியத்தாலேயே அடங்கியிருக்கும் நீரிழிவும், குழந்தை பெரிதாயிருக்கலாம் என்னும் ஊகமும் தம்மளவில் 41 வாரத்திற்குமுன் வலி வரவழைக்கப் போதிய காரணங்கள் அல்ல என்று மேற்படி ஸ்தாபனம் கருதுகிறது.

நல்ல நாளும் நட்சத்திரமும்

காரணமின்றி நாளை முந்துவதில் நஷ்டம் உண்டு. 39 வாரத்திற்குமுன் பிறக்கும் குழந்தைகளிடம் மூச்சுத் திணறல், பால் குடிக்கும் சக்தியின்மை, மஞ்சட்காமாலை ஆகியவை அதிகம் காணப்படுகின்றன. நுரையீரலும் மூளையும் கடைசி வாரங்களிலும் வளர்கின்றன. கும்பப்பூ நெல்லைப் பால்கட்டும் பருவத்தில் அறுப்பவன் பதரையே காண்பான். முற்றியபின் வயலில் விடுபவனுக்கு மணி உதிரும். பருவமறிந்து அறுக்கும் குடியானவனுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஜாதகத்திற்கென்று சிசுவின் ஒரு வாரத்தைக் குறைப்பவர்கள், அதன் ஆரோக்கியத்தைக் குறைக்கிறார்கள் என்பதை உணரவேண்டும்.

ஆபரேஷனில் முடியும் என்னும் பயம்

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் ஆபரேஷனால் நடந்தவை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இது 36.0, தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. இந்நிலையில் ஜனங்கள் ஆபரேஷனுக்கு அஞ்சுவதில் வியப்பில்லை. எனினும், அப்பழியை வலி வரவழைப்பதன்மேல் சுமத்துவது சரியன்று. மேலே கூறிய அறிக்கையில், வலி வரவழைக்கப்பட்டவர்களிடையே ஆபரேஷன் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. 2018-இல் அமெரிக்காவில் முதற்கர்ப்பமான 6,106 பெண்களிடம் நடந்த பரீட்சையிலும், 39-ஆவது வாரத்தில் வலி வரவழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 பேருக்கும் ஆபரேஷன் நேர்ந்தது.

அப்படியாயின் ஊரில் கண்கூடாகக் காண்பது வேறாயிருப்பது ஏன்? தானே வலி கண்டு சுகமாகப் பெற்றவளையும், மருந்து வைத்து ஆபரேஷனில் முடிந்தவளையும் ஜனங்கள் ஒப்பிடுகிறார்கள். இன்று வலி காணாதவளுக்கு எதிரேயுள்ள வழிகள் இரண்டே: இன்று வலி வரவழைத்தல், அல்லது வலிக்காகக் காத்திருத்தல். காத்திருக்கும்போது வலி காணலாம். நஞ்சு தளர்ந்து அவசர ஆபரேஷனும் நேரலாம். இவ்விரண்டு வழிகளை ஒப்பிடுவதே நியாயமான ஒப்பீடு. ஆயினும், மேற்படி பரீட்சைகள் பெரும்பாலும் செல்வ தேசங்களில், இடைவிடாத கண்காணிப்புடன் நடந்தவை என்பதையும் மறக்கலாகாது. கண்காணிப்பு குறைந்த இடத்தில் அதே பலனை எதிர்பார்க்க இயலாது.

வலி வரவழைக்கும் முறைகள்

முற்காலத்தில் இதற்கு ஆமணக்கெண்ணெயும் குவினைனும் வழங்கி வந்தன. 1906-இல் ஹென்றி டேல் என்னும் ஆங்கில விஞ்ஞானி, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாரம் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அச்சாரத்திலுள்ள ஆக்ஸிடோஸின் என்னும் பொருளை 1953-இல் வின்சென்ட் டு விக்னோ என்பவர் ரஸாயன முறையில் தயாரித்தார். 1955-இல் நோபல் பரிசு பெற்றார். அளவு நிச்சயமற்ற சாரத்திற்குப் பதிலாக அளவு தெரிந்த மருந்து கிடைத்தது அதன் பின்னரே.

இப்போது டாக்டர் முதலில் கர்ப்பப்பை வாயைப் பரீட்சிக்கிறார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா கடினமா, எத்திசை நோக்கியது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்னும் ஐந்துக்கும் மார்க்கு இடுகிறார். 1964-இல் பிஷப் என்னும் டாக்டர் வகுத்த முறை இது. மார்க்கு 8-ம் அதற்கு மேலும் இருந்தால் வலி எளிதில் வரும். 6-ம் அதற்குக் கீழும் இருந்தால் முதலில் வாயைப் பக்குவப்படுத்த வேண்டும்.

பக்குவப்படுத்துவதற்கு, நுனியில் பலூனுள்ள ரப்பர் குழாயைச் செலுத்திவைப்பது ஒரு முறை. ஜெல் மருந்தோ மிஸோப்ரோஸ்டால் மாத்திரையோ கொடுப்பது மற்றொரு முறை. நாகபுரியின் இரண்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில், இரத்த அழுத்தமுள்ள 602 கர்ப்பிணிகளிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு மணிக்கொருமுறை 25 மைக்ரோகிராம் மாத்திரையை வாய்வழி உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 57 பேரும், குழாய் வைக்கப்பட்டவர்களில் 47 பேரும் 24 மணி நேரத்திற்குள் இயற்கையாகப் பிரசவித்தனர். இரண்டும் சொற்ப விலையுள்ளவை; நமது தேசத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் செய்யத்தக்கவை என்பது இதனால் விளங்கும். வாய் பக்குவமானபின் பனிக்குடத்தை உடைத்தும், நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆக்ஸிடோஸின் ஏற்றியும் வலியைப் பெருக்குகிறார்கள்.

முதற்பிரசவத்தில் இதற்கெல்லாம் ஒரு நாளும், சிலருக்கு இரண்டு மூன்று நாட்களும் பிடிக்கும். காலையில் மருந்து வைத்து மாலையில் பிறக்கவில்லையே என்று உறவினர் டாக்டரை நெருக்குவது, வேண்டாத ஆபரேஷனுக்கு வழியாகும். மருந்தினால் வலி அளவுக்கு மீறி அடுத்தடுத்து வந்தால் சிசுவிற்குப் பிராணவாயு குறையும். ஆகையால் இருதயத் துடிப்பை அடிக்கடி கவனிப்பார்கள். மருந்து பலிக்காமல் ஆபரேஷன் தேவைப்படுவதும் உண்டு. அதனாலேயே ஆபரேஷன் வசதியும் இரத்தம் ஏற்றும் வசதியும் உள்ள இடத்தில் இதைச் செய்தல் உசிதம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவளுக்கு மிஸோப்ரோஸ்டால் கொடுக்கலாகாது. தையல் விட்டுக் கர்ப்பப்பை கிழியக்கூடும். முந்திய ஆபரேஷனை மறைக்காமல் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

அறவே விலக்க வேண்டியவை

பால் சுரக்கவென்று சிலர் சட்டவிரோதமாகப் பசுக்களுக்குப் போடும் ஊசி, ஆக்ஸிடோஸினேயாகும். பால் சங்க அங்கத்தினர்கள் இதை அறிவார்கள். பிரசவத்திற்குமுன் அதை வீட்டிலோ வசதியற்ற இடத்திலோ தசையில் ஊசியாகப் போட்டால், அளவை அடக்கவோ நிறுத்தவோ இயலாது. கர்ப்பப்பை வெடித்துத் தாயும் சேயும் மாளக்கூடும். மிஸோப்ரோஸ்டால் மாத்திரை சாதாரணமாக 200 மைக்ரோகிராம் கொண்டது. பிரசவத்திற்குரிய 25 மைக்ரோகிராம் அதில் எட்டில் ஒரு பங்கு. கடையில் வாங்கி வீட்டில் ஒடித்துக் கொடுப்பது கொலைக்கொப்பான காரியம். ஆமணக்கெண்ணெய் வயிற்றுப்போக்கையும் நீரிழப்பையும் உண்டாக்குகிறது. அதனால் வலி வருமென்பது உறுதிப்படவில்லை.

எவ்வாரமாயினும் சிசுவின் அசைவு குறைந்தால், நீர் ஒழுகினால், இரத்தம் பட்டால், தாங்கொணாத் தலைவலியோ கண்மங்கலோ உண்டானால், பொழுது விடியட்டும் என்று இராமல் உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இன்றைக்கு எத்தனை வாரம், எந்தப் பரீட்சையைக் கொண்டு கணக்கிட்டது? வலி வரவழைக்கக் காரணம் என்ன? இன்னும் சில நாள் காத்தால் தாய்க்கும் சிசுவிற்கும் நேரக்கூடியது என்ன, காக்கும்வரை என்னென்ன பரீட்சைகள் வேண்டும்? கர்ப்பப்பை வாய் பக்குவமா, எந்த மருந்து முதலில்? மருந்து பலிக்காவிடில் இரவிலும் இங்கேயே ஆபரேஷன் செய்ய முடியுமா, அல்லது வேறிடம் செல்ல வேண்டுமா? இவ்வைந்தையும் கர்ப்பிணியின் முன்னிலையில், அவளுக்கு விளங்கும்படி கேட்டறிய வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல டாக்டர் இக்கேள்விகளை விரும்புவார். விடையறிந்தபின் சம்மதம் கூற வேண்டியவள் அவளே. கணவனும் மாமியாரும் தாயும் துணை நிற்கலாம். அவளுக்குப் பதிலாகத் தீர்மானிக்கலாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1838-இல் நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியசாலை தொடங்கிய காலத்தில், நாஞ்சில் நாட்டுப் பிரசவங்கள் வீட்டு அறையிலேயே நடந்தன. இப்பகுதி திருவிதாங்கூருடன் சேர்ந்திருந்தபோது, 1916-இல் திருவனந்தபுரம் தைக்காட்டு ஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், 1938-இல் அச்சமஸ்தானத்தின் வைத்திய இலாகாவிற்கே தலைவரானார். 1956-இல் இம்மாவட்டம் தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. 2001 முதல் ஆசாரிப்பள்ளத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. இடமில்லை என்னும் குறை பெரிதும் நீங்கியது. தக்க சமயத்தில் அங்கே சேருவதே எஞ்சியிருக்கிறது.

அதற்கு ஐக்கிய சங்கங்கள் உதவக்கூடும். பிரசவத்திற்காக அவசரமாய்க் கேட்கும் சிறு கடனை, கமிட்டிக் கூட்டத்திற்குக் காத்திராமல் காரியதரிசியே வழங்க விதி செய்துகொள்ளலாம். மலையோரக் குக்கிராமங்களுக்கு இரவில் வரச் சம்மதிக்கும் வாகனக்காரர்களின் பெயர்களையும், இரத்ததானம் செய்ய முன்வருவோரின் பெயர்களையும் அவரவர் சம்மதத்தின்மேல் எழுதிவைக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் உட்படப் பிரசவம் முழுவதும் இலவசம் என்னும் 2011-ஆம் வருஷத்துத் திட்டத்தையும், 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியையும் அங்கத்தினர்களுக்கு அறிவிக்கலாம். பணத்திற்கு அஞ்சி நாளைக் கடத்தும் குடும்பங்கள் இதனால் குறையும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிவைத்தல் நலம்: கர்ப்பம் பத்து மாதம் என்பது 280 நாள், 287-ஆம் நாள் வந்தும் வலி காணாவிடில், அன்றே சீட்டுகளுடன் ஆஸ்பத்திரிக்குச் சென்று கலந்து முடிவு செய்க.